தறி ஓடும்போது கேட்பது

சுக்காம்பாளையத்தில் ஒருவர் மனசு இன்னொருவருக்குக் கேட்கத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. அறுபது விசைத்தறிகளும் ஒன்றாக ஓடி, தகரக் கூரை அதிர்ந்து, பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் வாயசைவு மட்டுமே தெரிகிற அந்த நேரத்தில், கருப்பணன் தன் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டே, 'இன்னைக்கு மொச்சக்கொட்டக் கொழம்பா இருந்தா நல்லாருக்கும்' என்று நினைத்தார். பட்டறையில் இருந்த நாற்பது பேருக்கும் அது கேட்டது. அடுத்த தறியில் நின்ற அவர் மனைவி ருக்குமணி திரும்பிக்கூடப் பார்க்காமல், 'கத்திரிக்காதான் கெடக்குது' என்று நினைத்தாள். அதுவும் கேட்டது. அவர்கள் இருவரும் ஒரு குக்கர் விஷயமாகச் சண்டை போட்டுப் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பதால், எங்களுக்கு அன்றைக்கு மனசு கேட்டதைவிட அவர்கள் பேசிக்கொண்டதுதான் பெரிய செய்தியாக இருந்தது.

தறியை நிறுத்தினால் கேட்பதும் நின்றது. தறியைப் போட்டால் மறுபடி கேட்டது. மாரியம்மன் செயல் என்றார்கள் சிலர், புதிதாக மாட்டிய டிரான்ஸ்பார்மர் செயல் என்றார்கள் சிலர், தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் எதையோ கலக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ஈரோட்டிலிருந்து ஒரு காது டாக்டர் வந்து எங்கள் எல்லோர் காதிலும் விளக்கடித்துப் பார்த்து, இவ்வளவு அழுக்கை என் சர்வீசில் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். டிவிக்காரர்கள் மைக்கைக் கொண்டுவந்து தறிக்கு நடுவே நட்டுவைத்தார்கள். அதில் தறிச் சத்தம்தான் பதிந்தது. காரணம் தேடுவது வேலையில்லாதவன் வேலை. எங்களுக்குப் பாவு இருந்தது, நெய்தோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எங்களுக்குச் செவிட்டுப்பாளையம் என்று பெயர். தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, பஸ்ஸில் ஏறினாலும் கத்தியே பேசிப் பழகியவர்கள் நாங்கள். எங்கள் ஊர்க்காரன் ரகசியம் சொன்னால் மூன்று நிறுத்தத்துக்குக் கேட்கும் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட எங்களுக்கு, ஊர் உலகத்தில் யாருக்கும் கேட்காதது கேட்டது. நான் ஏழாவது ஜோடித் தறியை ஓட்டுகிறவன், ஆறுமுகசாமி என்று பெயர், அதற்குமேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாற்பது பேரில் நானும் ஒருவன் என்பதை எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்லுவேன்.

முதல் வாரம் அடிதடியாகத்தான் போயிற்று. யார் யாரை என்ன நினைக்கிறார் என்று தெரிந்தபின் எவன் நிம்மதியாகக் குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை மாற்றுவான்? ஒருவர் தலைமுடி சாயம் என்பது வெளியே வந்தது, ஒருத்தி பக்கத்துத் தறிக்காரியின் புடவையைப் பார்த்துப் பொருமியது வெளியே வந்தது, ஆளுக்கு ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம். இரண்டாம் வாரம் அலுத்துவிட்டது. எல்லோருக்கும் எல்லாம் கேட்கும்போது, எல்லோர் மனசிலும் கிடப்பது ஏறக்குறைய ஒரே சாமான்தான் என்பது தெரிந்துபோயிற்று: இடுப்பு வலி, பிள்ளைகள், மதியச் சோறு, செத்துப்போனவர்கள். ருக்குமணியின் முதுகுவலியைப் பதினோரு வருஷமும் கருப்பணன் கணக்காகக் கவனித்துவந்திருந்தார் என்பது தெரிந்த அன்றைக்கு, பட்டறையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்தேன், வெட்கமில்லை.

மூன்றாம் வாரம் ஒருவன், பட்டறையில் கேட்ட ஒரு சங்கதியை வெளியே டீக்கடையில் வைத்துச் சொல்லிவிட்டான். அடுத்த நாள் தறி ஓடியதும் நாங்கள் அவனை ஒன்றும் செய்யவில்லை; எல்லோரும் அவனைப் பற்றி வருத்தப்பட்டோம், அவ்வளவுதான். முப்பத்தொன்பது பேர் வருத்தத்தையும் ஒருவன் மண்டைக்குள் கேட்டுக்கொண்டு எத்தனை நேரம் நிற்க முடியும்? மத்தியானத்துக்குள் வாசலில் உட்கார்ந்து அழுதான். அதிலிருந்து யாரும் சொல்லாமலே சட்டம் ஒன்று நிலைத்தது. நினைப்பது நினைப்பு, சொல்வதுதான் சொல். நினைப்பை வாசல் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது, நினைப்பை வைத்து ஒருவரைக் குற்றம் சொல்லவும் கூடாது. யாருக்காவது மூடிவைக்க வேண்டிய துக்கம் இருந்தால் மற்றவர்கள் சத்தமாக வேலையை நினைப்பார்கள், 'இழை எடு, முடிச்சுப் போடு, நாடா மாத்து, இழை எடு, முடிச்சுப் போடு' என்று. அந்த நினைப்பை ஒரு போர்வை மாதிரி இழுத்து அவர்மேல் போர்த்திவிடுவோம்.

இப்படியே மூன்று வருஷம். மாதம் ஒரு நாள் மின்வாரியத்தார் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள்; பொய் சொல்லியாக வேண்டிய காரியங்களை எல்லாம் அன்றைக்கு வைத்துக்கொண்டோம். சம்பந்தம் பேசுவது, புதுக் குழந்தையைப் பார்த்து அழகாயிருக்கிறது என்பது, மைத்துனன் வீட்டு விருந்தைப் புகழ்வது எல்லாம் அந்த நாளில். முதலாளி அர்த்தநாரிதான் பாவம், அந்தத் திங்கட்கிழமையிலிருந்து பட்டறைக்குள் காலை வைக்கவில்லை. நல்ல மனிதர், ஆனால் முதலாளி. நினைப்பதற்கு அவருக்கும் ஏதாவது இருக்கும் அல்லவா? வாசற்படிக்கு வெளியே நின்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே கொடுத்துவிடுவார்.

மூன்றாம் வருஷம் மாசி மாதம் ஒரு புதன்கிழமை நூல் குடோன் எரிந்தது.

குடோன் பட்டறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருந்தது. நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சிக்கு நூல் சுற்றித் தரும் செல்லமணி, குடோனின் பின் மூலையில் மூன்று செங்கல்லை வைத்துத் தினமும் பதினோரு மணிக்கு எங்களுக்கெல்லாம் டீ போடுவாள். 'இங்கு நெருப்பு உபயோகிக்கக் கூடாது' என்று எழுதிய பலகைக்கு நேர் கீழேதான் அந்த அடுப்பு. அன்றைக்கு டீயைக் கொடுத்து முடித்த நேரத்தில், பள்ளிக்கூடத்தில் அவள் மகள் மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஆள் வந்தது. போட்டது போட்டபடி ஓடினாள். அரை மணி நேரத்தில் குடோன் கூரை இறங்கிவிட்டது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பட்டறையைக் காப்பாற்றினோம். யாருக்கும் காயமில்லை. மூன்று செங்கல் மட்டும் இடிந்த செங்கல்லோடு செங்கல்லாகக் கலந்துவிட்டது.

மறுநாள் காலை தறி ஓடிய முதல் நிமிஷத்திலேயே அவள் மனசு கேட்டது. 'அடுப்ப நானல்லோ அணைக்காமப் போனேன். எம்பட புள்ளைக்கு யாரிருக்கா. என்னையப் புடிச்சுட்டுப் போயிட்டா தரணிக்கு யாரிருக்கா.' புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம்; ஆறாம் வகுப்புப் படிக்கிற தரணியைத் தவிர அவளுக்கும், அவளைத் தவிர தரணிக்கும் வேறு ஆள் கிடையாது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இழை எடுத்தோம், முடிச்சுப் போட்டோம்.

முதலாளி கொடுத்த புகாரின் பேரில் அன்றைக்கே இன்ஸ்பெக்டர் வந்தார். சேதுராமலிங்கம் என்று ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். வந்ததும் தறிகளை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தினார். குடோன் சுவரோரம் கிடந்த பீடித் துண்டுகளைப் பொறுக்கிக் கையில் வைத்திருந்தார். எங்கள் பட்டறையில் பீடி குடிப்பவர் ஒருவர்தான், நாச்சிமுத்து. ஐம்பது வயசு, கல்யாணம் கட்டாதவர், யாரிடமும் ஒரு சொல் கூடுதலாகப் பேசாதவர்.

"இது ஒன் பீடிதானய்யா? நீதான குடோனுக்குத் தீ வச்சது?"

நாச்சிமுத்து உடனே பதில் சொன்னார். 'இல்லீங் சார், நான் வேப்பமரத்தடியில நின்னு குடிச்சுப்போட்டு, அணைச்சுட்டுத்தானுங் வீசுனேன்' என்று மரியாதையாக, தெளிவாகச் சொன்னார், மனசுக்குள். தறி நின்றிருந்தது. மூன்று வருஷமாகப் பட்டறையில் வாயைத் திறக்காமலே பேசிப் பழகிய மனிதருக்கு, இங்கே உதட்டை அசைக்க வேண்டும் என்பது மறந்துபோயிற்று. இப்படி ஒரு தப்பை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் செய்ய மாட்டான். இன்ஸ்பெக்டர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நாச்சிமுத்து பணிவாக அவர் முகத்தைப் பார்த்து நின்றார்.

"மௌனம் சம்மதமுன்னு எழுதிக்கிறவா?"

அப்போதுதான் நாச்சிமுத்துவுக்குத் தன் தப்பு புரிந்தது. வாயைத் திறந்தார். பிறகு எங்களைப் பார்த்தார், தார் மெஷின் பக்கமாகத் தலை குனிந்து நின்ற செல்லமணியைப் பார்த்தார். நான் இல்லை என்று சொன்னால், பின்னே யார் என்பதுதானே அடுத்த கேள்வி? திறந்த வாயை மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை என்பதற்கு இதைச் சொல்ல வேண்டும், அவருக்கு அந்த மௌனம் திருப்தியாக இல்லை. பேனாவை மூடிவிட்டு, "இந்த ஊர்ல தறி ஓடுனா மனசு கேக்குமாம்ல. ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறீக. தறியப் போடுங்க, நானே கேட்டுக்கிறேன்" என்றார்.

எங்களுக்குப் பட்டறையைக் கண்டு பயம் வந்தது அன்றைக்குத்தான். தறியைப் போட மாட்டோம் என்றால் அதுவே குற்றம் ஆகிவிடும். போட்டோம். அறுபது தறியும் எழுந்து, கூரை அதிர்ந்து, காது அடைத்ததும், யாரும் யாரிடமும் சொல்லாமல் எல்லோரும் நினைக்கத் தொடங்கினோம்: இழை எடு, முடிச்சுப் போடு, நாடா மாத்து, இழை எடு, முடிச்சுப் போடு. கருப்பணன் நினைத்தார், ருக்குமணி நினைத்தாள், டீக்கடையில் வாயைவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுதானே, அவனும் நினைத்தான், முப்பத்தெட்டு பேர் நினைத்த நினைப்பும் ஒன்றாகி, செல்லமணியின் நினைப்பின்மேல் விழுந்து மூடி, அவள் உள்ளே என்ன அழுதாளோ அது எங்களுக்கே கேட்கவில்லை. அப்படி ஒரு நெசவை எங்கள் பட்டறை அதற்கு முன் நெய்ததில்லை.

இன்ஸ்பெக்டர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நடுவில் நின்றார். எங்கள் நினைப்பு அவருக்குக் கேட்டது. அவர் நினைப்பு எங்களுக்குக் கேட்கும் என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. புது பூட்ஸ் இடது குதிகாலைக் கடித்துக் கொப்புளமாகியிருந்தது. ஊரில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாளாகியும் போய்ப் பார்க்க முடியவில்லை. இந்தக் கேஸை முடித்தால் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று இருந்தார். ருக்குமணி இழையை முடிந்துகொண்டே ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளி அவர் பின்னால் விட்டாள். உட்கார்ந்த பிறகுதான், நமக்குக் கால் வலிப்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவருக்கு உறைத்தது. முகம் சிவந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாங்கள் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது எங்கள் நினைப்புக்கு மேலே ஒரு நினைப்பு எழுந்தது.

'நாந்தான் வெச்சேன். பீடிய அணைக்காம குடோனுக்குள்ள வீசுனேன். நாந்தான்.'

நாச்சிமுத்து. எங்கள் கை நின்றுவிட்டது. மூன்று வருஷத்தில் அந்தப் பட்டறையில் ஒருவர்கூட மனசால் பொய் சொன்னதில்லை. அப்படிச் சொல்ல முடியும் என்றே எங்களுக்குத் தெரியாது. வாயால் பொய் சொல்ல நாக்குப் போதும். மனசால் சொல்ல வேண்டுமென்றால், நடக்காத ஒன்றை நடந்ததாகவே உள்ளே முழுசாகக் கட்டி எழுப்ப வேண்டும், அதில் தானே போய்க் குடியிருக்க வேண்டும். அந்த மனிதர் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, நெற்றி நரம்பு புடைக்க, வியர்வை சொட்டச் சொட்ட, எரிகிற பீடியையும் குடோன் ஜன்னலையும் நூல் பொதியையும் ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து வைத்தார். எங்களுக்கே ஒரு கணம் அது உண்மை என்று பட்டது. அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதை நினைத்து என் நெஞ்சு விம்மியது. அதுவும் எல்லோருக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். நாச்சிமுத்துவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

செல்லமணி தார் மெஷினை விட்டு வெளியே வந்தாள். எங்கள் நடுவே நேராக நடந்து, சுவரோரம் போய், மெயின் சுவிட்சின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினாள்.

அறுபது தறியும் நின்றன. எங்களில் ஒருவர் தானாகப் போய்த் தறியை இப்படி நிறுத்தி நாங்கள் பார்த்ததே இல்லை. காதுக்குள் வெகு நேரம் இரைச்சல் ஓடி அடங்கியது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை, யார் மனசும்.

"சார்," என்றாள் செல்லமணி. தறிக்காரி அல்லவா, கத்தித்தான் வந்தது. "அவரு சொல்றது பொய்யிங். அடுப்ப நாந்தானுங் மூட்டுனேன். புள்ளைக்கு ஒடம்பு சரியில்லீன்னு சொன்னாங்க, அணைக்காம ஓடீட்டனுங். நெனப்ப வெச்சு யாரையும் புடிக்கக்கூடாதுங், அது எங்கூரு மொற. அதான் வாயாலச் சொல்றேன். என்னையக் கூட்டீட்டுப் போங்."

நாச்சிமுத்து, "அம்மிணி, நீ சும்மாரு" என்றார். மூன்று வருஷத்தில் அவர் வாய்விட்டுப் பேசி நான் கேட்டது அதுதான்.

இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒராளு மனசுல ஒத்துக்கிறாரு, ஒராளு வாயில ஒத்துக்கிறீக. நான் எதய்யா எழுத?"

அந்த நிமிஷத்தைப் பற்றித்தான் நான் இந்தக் கதையையே சொல்ல வந்தேன். மூன்று வருஷமாக அந்த இடத்தில் நின்று, நாற்பது பேர் மனசையும் கேட்டு, நாற்பது பேரும் எனக்குள் நடமாடப் பழகியிருந்தவன் நான். இப்போது பக்கத்தில் நிற்கும் கருப்பணன் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. பயப்படுகிறாரா, தனக்கென்ன என்று இருக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. எல்லா ஊர்க்காரர்களும் எப்போதும் இப்படித்தானே நிற்கிறார்கள் என்று நினைத்தபோது, அவர்கள்மேல் எனக்குப் பாவமாக வந்தது. வாயைத் திறந்தால் நான் தனி ஆளாகத்தான் நிற்பேன் என்று எண்ணிக்கொண்டேதான் திறந்தேன்.

"அந்த டீய நானுங் குடிச்சனுங் சார்" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அடுத்து யார் என்று எனக்குத் தெரியாது, யாராவது உண்டா என்றே தெரியாது.

"நானுங் குடிச்சனுங்" என்றாள் ருக்குமணி. "வெறகுக்குக் கழிவு நூலு எடுத்துக் கொடுத்ததே நானுங்."

"நானுங்" என்றார் கருப்பணன். "சர்க்கரை பத்தலீன்னு திட்டுனதும் நாந்தானுங்."

"நானுங்." "நானுங் சார்." "மூணு வருசமாக் குடிக்கறனுங்." பட்டறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும், ஒருவர் சொல்லி முடித்த இடத்தில் இன்னொருவர் எடுத்து, தார் மாற்றுகிறவர், துணி மடிக்கிறவர், எண்ணெய் விடுகிறவர் என்று யாரும் மிச்சமில்லாமல் சொன்னார்கள். ஒவ்வொருவரும் ஒரு கணம் தயங்கித்தான் சொன்னார்கள். அந்தத் தயக்கத்தை நான் என் காதால் கேட்டேன். தெரிந்து சொல்வதைவிடத் தெரியாமல் சொல்வது எவ்வளவு பெரிசு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கடைசியில் நாச்சிமுத்துவும் சொன்னார். "டீ குடிச்சாத்தானுங் பீடி எறங்கும்."

அப்புறம் வாசற்படியில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அர்த்தநாரி உள்ளே வந்தார். மூன்று வருஷமாக மிதிக்காத தரையில் எங்கே கால் வைப்பது என்று தெரியாதவர்போல் வந்து, செல்லமணிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் நடுவில் நின்றார்.

"புகார் குடுத்தவன் நானுங்" என்றார். "டெய்லி ரெண்டு டம்ளர் எனக்கு ஆபீஸ் ரூமுக்கு வருமுங். பலகைய எழுதி மாட்டுனதும் நானு, அதுக்குக் கீழ அடுப்பிருக்கறது தெரிஞ்சு குடிச்சதும் நானு. அந்தம்மாவக் கூட்டீட்டுப் போறதுன்னா என்னைய மொதல்ல ஏத்தோணுமுங். புகார வாபஸ் வாங்கிக்கறேன்."

இன்ஸ்பெக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, வெகு நேரம் ஏதோ எழுதினார். டீ அடுப்பிலிருந்து கை தவறி நேர்ந்த விபத்து, உள்நோக்கம் இல்லை, புகார்தாரர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று எழுதியதை நிறுத்தி நிறுத்தி உரக்கப் படித்துக் காட்டி அர்த்தநாரியிடம் கையெழுத்து வாங்கினார். செல்லமணி சுவிட்சுக்குக் கீழேயே சரிந்து உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ருக்குமணி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

போகும்போது இன்ஸ்பெக்டர் என் தறியருகே நின்றார். சாயங்கால பஸ்ஸுக்கு நேரமிருந்தது.

"ஏய்யா, தறி நின்னாலும் ஒங்களுக்குக் கேக்குமா?"

"கேக்காதுங் சார்."

"பெறகு எப்பிடிய்யா அத்தன பேரும் ஒண்ணாச் சொன்னீக?"

"அது தெரியலீங் சார்" என்றேன். தெரியாது என்று சொல்வதில் எனக்கு வாழ்நாளில் அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

அவர் நொண்டிக்கொண்டே போனார். நாங்கள் நின்றது நின்றபடி இருந்தோம். மெயின் சுவிட்ச் இறங்கியபடியே இருந்தது. அதைத் தூக்கிவிட வேண்டும் என்று வெகு நேரம் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.